பரிசல்காரர் படித்த ஆறு

காலிபோர் முகாமில் விடியும் முன்பே அடுப்பு மூட்டிவிடுவார்கள். கேழ்வரகு மாவைக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைப்பார்கள். வெந்ததை ஆறவிட்டு மறுபடி பிசைவார்கள். ஆற்று வேகத்தில் கரையாமல் தூண்டில் முள்ளைக் கவ்விக்கொண்டு நிற்கிற பதம் வரும்வரை கை ஓயக்கூடாது. ஒவ்வொரு பரிசல்காரருக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. ஒருவர் பெருங்காயம் சேர்ப்பார், ஒருவர் சோம்புத்தூள் சேர்ப்பார், இன்னொருவர் என்ன சேர்த்தார் என்று கடைசிவரை சொல்லமாட்டார். எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி வைத்தால் மகசீர் மீனுக்கு இரை தயார். அதே மூட்டை மாவில்தான் பரிசல்காரர்களின் காலைக் களியும் கிளறப்படும். தொட்டுக்கொள்ளக் கொள்ளுச் சாறு.

1990களின் கடைசியில் அந்த அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்தவர்களில் ஒரு மேட்டூர்க்காரரும் உண்டு. பெங்களூரில் வங்கி உத்தியோகம். அணைக்கரையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் பரிசலும் வலையும் அவருக்குப் புதிதல்ல. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்குள் தேங்கி நிற்கும் காவிரியைத்தான் அவர் சிறுவயதிலிருந்து பார்த்திருந்தார். அந்தத் தண்ணீர் ஒகேனக்கல்லுக்கும் மேலே, காட்டுக்குள், பாறைகளுக்கு நடுவே எப்படி ஓடி வருகிறது என்று பார்க்கும் ஆசை வெகுநாளாக இருந்தது. தூண்டில் அதற்கு ஒரு வழி செய்து கொடுத்தது.

சிவனசமுத்திரத்தில் அருவியாக விழுந்த காவிரி, மேக்கேதாட்டில் குறுகலான பாறைப் பிளவுக்குள் புகுவதற்கு முன், காட்டுக்குள் நெடுந்தூரம் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் கரையில் தொட்டமாகலி, பீமேஸ்வரி, காலிபோர் என்று மூன்று முகாம்கள். கர்நாடக அரசின் ‘ஜங்கிள் லாட்ஜஸ்’ நிறுவனம் நடத்தியவை. கனகபுராவைத் தாண்டி, அர்க்காவதி வந்து சேரும் சங்கமா வரை சாலை. அதன் பிறகு காட்டுப்பாதை. நீர்மருத மரங்களுக்கு அடியில் கூடாரங்கள், ராத்திரிக்கு அரிக்கேன் விளக்கு. மரத்தின் உச்சியில் சாம்பல் நிற மலை அணில், கரையோர மணலில் யானைத் தடம், மணல்திட்டில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் முதலை, கூட்டமாக வந்து சத்தம் போட்டுவிட்டுப் போகும் நீர்நாய்கள். வீரப்பன் பெயரைச் சொல்லாமல் அந்தக் காட்டைப் பற்றி யாரும் பேசாத வருடங்கள் அவை. ஆனாலும் டிசம்பர் முதல் வெயில் முற்றும்வரை, தண்ணீர் வடிந்து தெளிந்திருக்கும் மாதங்களில், தூண்டில்காரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இங்கிலாந்திலிருந்துகூட வந்தார்கள்.

வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு மீன். மதராஸ் மாகாணத்தில் சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற புத்தகத்தை எழுதி மகசீரை வெளிநாட்டுத் தூண்டில்காரர்களுக்கு அறிமுகம் செய்தார். 1919இல் காவிரியில் 119 பவுண்டு எடையுள்ள மகசீர் பிடிபட்டது. 1946இல் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன், காவிரியின் துணையாறான கபினியில் 120 பவுண்டு மீனைப் பிடித்தார். கிலோக் கணக்கில் 54க்கு மேல்! வான் இங்கன் குடும்பத்தார் மகாராஜாக்களின் வேட்டைப் புலிகளைப் பாடம் செய்து கொடுத்தவர்கள். அந்த 120 பவுண்டு சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த மீன் பேச்சிலிருந்தே மறைந்தது. 1970களின் பிற்பகுதியில் மூன்று பிரிட்டிஷ் இளைஞர்கள் தூண்டிலோடு இந்தியாவைச் சுற்றி வந்து, காவிரியில் பெரிய மகசீர் இன்னும் இருக்கிறது என்று காட்டினார்கள். 1972இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனஉயிர்ச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. பிடித்த மீனை உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

மேட்டூர்க்காரருக்கு வழிகாட்டியாக வந்தவர் ஆற்றங்கரைக் கிராமமொன்றில் பிறந்த பரிசல்காரர். வீட்டில் கன்னடம், ஒகேனக்கல் பக்கத்து உறவுகளால் தமிழும் சரளம். முதல் நாளே தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார்.

“சின்ன வயசுல நானும் இந்த ஆத்துல தோட்டா போட்டவன்தான் சார்.”

தோட்டா என்பது கல் குவாரி வெடிமருந்து. மடுவில் திரி கொளுத்திப் போட்டால் அதிர்ச்சியில் மீன்களின் காற்றுப்பை வெடித்துவிடும். மேலே மிதந்து வருவது கொஞ்சம். செத்து அடியில் போய் அழுகுவதுதான் அதிகம். குஞ்சு, முட்டை என்று எதுவும் மிஞ்சாது. ஒரு மடுவில் போட்டால் அடுத்த மழைவரைக்கும் அங்கே தேடிப் பயனில்லை என்று அவரே சொன்னார். முகாம் வந்து சம்பளம் என்று ஒன்று கிடைத்ததும் தோட்டாவை விட்டார். விட்டது மட்டுமில்லை, யார் போடுவார்கள், எந்த மடுவில், எந்த நேரத்தில் போடுவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்பதால், ராக்காவலுக்கு அவரைப் போல ஆள் கிடைக்காது. அந்த ஆற்றில் மீன் மிஞ்சியதற்கு முதல் காரணம் இப்படிப்பட்டவர்கள்தான். வெளியூரிலிருந்து சென்றவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. இவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் புகைப்படத்தில் மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆள் என்ற அளவிலேயே நின்றுவிட்டன. அது நியாயமே இல்லை.

பரிசலுக்கு முன்புறம் பின்புறம் கிடையாது. மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வட்டமாக வளைத்து, முன்பெல்லாம் எருமைத்தோல் போர்த்துவார்கள். பிறகு தார் பூசிய பிளாஸ்டிக் சாக்கு வந்தது. அடியில் நடுமுதுகு இல்லாததால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் உரசினாலும் வளைந்து கொடுக்கும், சுழலில் மாட்டினால் சுற்றிக்கொண்டே வெளியே வந்துவிடும். ஆனால் ஓட்டத்தை எதிர்த்து அதைச் செலுத்த முடியாது. அதனால் காலையில் பரிசல்காரர் அதைக் கவிழ்த்து முதுகில் சுமந்துகொண்டு, கரையோரப் பாறைகளில் வெறுங்காலோடு மேல்நோக்கி நடப்பார். கழியும் ரீலும் இரைப் பையும் தூக்கிக்கொண்டு மேட்டூர்க்காரர் பின்னால் நடப்பார். பிறகு பகல் முழுக்க ஆறு அவர்களைக் கீழே கொண்டுவந்து விடும்.

இறங்கியதும் பரிசல்காரர் செய்யும் முதல் வேலை, தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நடுவது. சிவனசமுத்திரத்தில் 1902இல் தொடங்கிய நீர்மின் நிலையம் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. மின் தேவைக்கு ஏற்ப விசையாழி ஓடினால் கீழே ஆறு ஏறும், நிறுத்தினால் இறங்கும். மழையே இல்லாத மார்ச் மாதத்தில்கூடப் பாறை முழுகும், திரும்பத் தலைகாட்டும். தண்ணீர் ஏறத் தொடங்கும்போது மகசீர் பாறை இடுக்கிலிருந்து வெளியே வந்து, ஓட்டம் அடித்துவரும் இரையைத் தேடும் என்பது அவர் கணக்கு. குச்சி நனைந்தால் இரையை மாற்றுவார். குச்சி காய்ந்தால் வெற்றிலை போட்டுக்கொண்டு நிழலில் சாய்ந்துவிடுவார், மேட்டூர்க்காரர் எவ்வளவு துடித்தாலும் சரி.

கழியைத் தாங்கியில் நிறுத்தி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. கையில் பிடித்திருக்க வேண்டும். விரலில் நூல் படிந்திருக்க வேண்டும். சின்ன மீன்கள் உருண்டையைக் கொத்துவது டக் டக்கென்று விரலுக்கு வரும். “அது பொடி. விடுங்க” என்பார் பரிசல்காரர், கழியின் நுனியைப் பார்த்தபடியே. ஈயக்குண்டுக்குப் பதிலாக ஈயக்கம்பியை நூலில் சுற்றிவிடுவது அவர்கள் வழக்கம். பாறையில் சிக்கினால் கம்பி கழன்று போகும், நூல் தப்பும். மகசீர் கொத்தாது. அது கெண்டை வகையைச் சேர்ந்த மீன். தாடையில் பல் கிடையாது, தடித்த உதடுதான். நத்தையையும் நண்டையும் உள்ளே இழுத்துத் தொண்டைப் பற்களால் நொறுக்கித் தின்னும். உருண்டையை உறிஞ்சிய அதே வேகத்தில் திரும்பி ஓடும். முள் தானாகவே இறங்கிவிடும்.

அப்படி ஒரு மாலையில் கழி மேட்டூர்க்காரரின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ரீலின் சக்கரம் கிரீச்சிட்டது. மீன் நேராகக் கீழே உள்ள வெள்ளைத்தண்ணிக்குள் இறங்கியது. ரீலில் சுற்றியிருந்த நூல் கண்ணெதிரே கரைந்தது.

“ஏறுங்க சார், ஏறுங்க! நூலைத் தளத்தாதீங்க!”

பரிசலில் குதித்து உட்காருவதற்குள் அது சுழன்று ஓட்டத்தில் சேர்ந்துவிட்டது. பரிசல்காரர் முன்னால் மண்டியிட்டு ஒற்றைத் துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்துப் பாறைகளுக்கு நடுவே வழி எடுத்தார். பாதி வழியில் நூல் அசைவற்று நின்றது. தண்ணீருக்கடியில் ஏதோ பாறையைச் சுற்றிக்கொண்டிருந்தது. இழுத்தால் அறுந்துவிடும். பரிசல்காரர் துடுப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, நூலை விரலுக்கிடையில் ஓடவிட்டபடி தண்ணீரில் இறங்கினார். மார்பளவு, கழுத்தளவு, பிறகு தலையும் உள்ளே போனது. முதலை இருக்கும் ஆறு அது. வெளியே வந்தபோது நூல் விடுபட்டிருந்தது. மறுமுனையில் மீன் இன்னும் இருந்தது.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு மணல்திட்டின் ஓரத்தில், ஆழமில்லாத தண்ணீரில் அது படுத்தது. அதுவரை அவர் பிடித்த மகசீர்கள் நீண்டு உருண்டவை, துடுப்பில் நீலச் சாயல் கொண்டவை. இது வேறு மாதிரி. தலைக்குப் பின்னால் முதுகு சட்டென்று மேடேறியிருந்தது. செதில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், பழைய தாமிர நிறம். வாலிலும் வயிற்றிலும் துடுப்பு ஆரஞ்சாக எரிந்தது. தொட்டில் போன்ற துணியில் ஏந்தித் தராசில் மாட்டினார்கள். 52 பவுண்டு. பிறகு பரிசல்காரர் மீனைத் தண்ணீரில் ஓட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொண்டு, செவுள் நன்றாகத் திறந்து மூடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். குளிரில் அவர் பல் கிட்டிப்போயிருந்தது. பரிசல் கட்டும் இடத்துக்கு வந்த பிறகுதான் பேசினார்.

“கூன்முதுகு. எங்கப்பா காலத்துல இதுதான் சார் ஆறு முச்சூடும். இப்ப வர்றதெல்லாம் நீலம்.”

அன்றிரவு முகாம் நோட்டில் வழக்கம்போல எழுதினார்கள்: தேதி, மடு, எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டது, மீனின் எடை. கூன்முதுகா நீலமா என்பதும் அதில் இருந்தது. அந்த நோட்டுப் புத்தகங்கள் பின்னாளில் எவ்வளவு பெரிய சாட்சியாகப் போகின்றன என்று அன்று யாருக்கும் தெரியாது.

பிரிட்டனின் போர்ன்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் பின்டர், கேரளத்தின் மீனியலாளர் ராஜீவ் ராகவன் ஆகியோர் காலிபோர் நோட்டுகளை எடுத்து, 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளைக் கணக்கிட்டார்கள். 23,620 மணி நேரத் தூண்டில் வேலை. பிடித்து விடப்பட்ட மகசீர் 6,161. மிகச் சிறியது ஒரு பவுண்டு, மிகப் பெரியது 104 பவுண்டு. மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. மேலோட்டமாகப் பார்த்தால் காவிரி செழித்துக் கொண்டிருந்தது. இரண்டு வகையையும் பிரித்துப் பார்த்தபோதுதான் அந்தச் செழிப்புக்குள் ஒளிந்திருந்தது தெரிந்தது: நீலம் பெருகப் பெருகக் கூன்முதுகு தேய்ந்து, கடைசி வருடங்களில் கிட்டத்தட்ட இல்லாமலே ஆகிவிட்டது. பரிசல்காரர் கரையில் ஒரு வரியில் சொன்னதையே ஆராய்ச்சி 15 வருடக் கணக்கோடு சொன்னது.

நீலம் எங்கிருந்து வந்தது? மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் 1970களிலிருந்து நீலத்துடுப்பு மகசீரைக் குஞ்சு பொரித்து வளர்த்து வந்தது. காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அந்தக் குஞ்சுகளை நாட்டின் பல ஆறுகளுக்குக் கொடுத்தார்கள். காவிரிக்கும் வந்தன. தூண்டில்காரர்களும் அதை வரவேற்றார்கள். ‘மகசீர்’ என்றால் மகசீர்தானே என்று எல்லோரும் நினைத்தார்கள். உலகிலேயே மிகப் பெரிதாக வளரும் மகசீரான கூன்முதுகு இந்த ஆற்றுக்கே உரியது. 150 வருடமாகப் படம் எடுத்தும் பாடம் செய்தும் வைத்திருந்த அந்த மீனுக்கு, அறிவியல் உலகம் ஒரு உறுதியான பெயரைக்கூட வைக்கவில்லை. பெயரில்லாத உயிரைப் பட்டியலில் சேர்க்க முடியாது. பட்டியலில் இல்லாததைக் காப்பாற்றத் திட்டம் வராது.

2018இல்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், கூன்முதுகும், அதற்குச் சில வருடங்கள் முன்பு கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்டிருந்த ‘டோர் ரெமாதேவி’யும் ஒன்றே என்று நிறுவினார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மீனியலாளர் ரெமாதேவியைச் சிறப்பித்து வைத்த பெயர் அது. பாம்பாறு அமராவதியாக வந்து காவிரியில் சேர்கிறது. மோயாறு பவானியில் சேர்ந்து காவிரிக்கு வருகிறது. ஒரே குடும்பத்து ஆறுகள். அதே வருடம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை மிக அபாய நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. இன்று நம்பிக்கை வைக்கக்கூடிய ஆறு, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஓடும் மோயாறுதான்.

இதற்குள் முகாம்களில் தூண்டில் நின்றுபோயிருந்தது. 1987இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனஉயிர் சரணாலயத்துக்குள் அந்த ஆறு வருகிறது. சரணாலயத்துக்குள் மீனைப் பிடிப்பதும் வேட்டைதான் என்ற வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வாசிப்பு முன்னுக்கு வந்தது. 2012க்குப் பிறகு காலிபோர் நோட்டில் எழுத எதுவும் இல்லை. சட்டத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. முள் குத்தி இழுத்த மீனுக்கு வலியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிடித்து விட்டாலும் அது பிடிப்புதான். ஆனால் தூண்டில் போனபோது அதோடு சேர்ந்து காவலும் சம்பளமும் நோட்டும் போயின. வருடம் முழுக்க ஆற்றின் மேல் இருந்த கண்கள் போயின. பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் மகசீரைக் காப்பதில் செய்த வேலையைப் பின்டரும் ராகவனும் 2013இலேயே ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எடுத்துச் சொன்னார்கள். தடை போடும் முன் பரிசல்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது மேட்டூர்க்காரரின் தீராத ஆதங்கம். அவர்களைக் காவலர்களாகவே வைத்துக்கொண்டு தூண்டிலை மட்டும் நிறுத்தியிருக்கவும் முடியும்.

இன்று அந்த ஓட்டத்தின் தலைமேல் மேக்கேதாட்டு அணைத் திட்டம் நிற்கிறது. 67 டி.எம்.சி. கொள்ளளவு, மூழ்கக்கூடியது சுமார் 5,000 ஹெக்டேர் காடு. இரண்டு மாநிலங்களிலும் தண்ணீர்ப் பங்கு பற்றிய பேச்சுதான் கேட்கிறது. ஓட்டமும் பாறையும் மடுவும் இல்லாத தேங்கிய தண்ணீரில் மகசீர் வாழ்வது கடினம் என்பதை அணைக்கரையில் வளர்ந்த ஒருவருக்கு விளக்க வேண்டியதில்லை.

பீமேஸ்வரி முகாம் இப்போது சாகச முகாம். வார இறுதியில் பெங்களூரிலிருந்து வரும் இளைஞர்கள் கயாக்கில் ஏறுகிறார்கள். பரிசல்காரருக்கும் அதில் துடுப்புப் போடத் தெரியும். நீளமான உடல், இரு பக்கமும் அலகுள்ள துடுப்பு, நேராகப் போகும், எதிர் ஓட்டத்திலும் கொஞ்சம் ஏறும். முதுகில் பரிசல் சுமந்து நடக்கும் வேலை மிச்சம் என்று மெச்சுகிறார். பாறையில் இடித்தால் மட்டும் பரிசல் மாதிரி வளையாது என்பது அவருக்குக் குறை. லைஃப் ஜாக்கெட் மாட்டிய பிள்ளைகளிடம், எந்தப் பாறைக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு போவார்.

மோயாற்று மீனுக்குப் பெயர் கிடைத்த செய்தி வந்ததும் மேட்டூர்க்காரர் அவருக்குத் தொலைபேசியில் சொன்னார். ரெமாதேவி என்ற பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார் பரிசல்காரர். பிறகு அவர் கேட்டது மீனைப் பற்றி அல்ல.

“அந்த ஆத்துல மேல கரன்ட் எடுக்கறாங்களா சார்?”

எடுக்கிறார்கள், மோயாற்றின் மேலேயும் மின் நிலையங்கள் உண்டு என்றார் இவர்.

“அப்ப நம்ம ஆறு மாதிரிதான் ஏறி எறங்கும். தண்ணி ஏறறப்ப எங்க தேடினாலும் கெடைக்கும், அத வெச்சுக் கணக்குப் போடக் கூடாது. எறங்கி நின்ன பிறகு ஆழமான மடுவுல மட்டும் பாக்கச் சொல்லுங்க. அங்க இருந்தாத்தான் இருக்குன்னு அர்த்தம்.”

ஆய்வுக்காரர்களிடம் அதை அப்படியே எழுதி அனுப்புவதாக மேட்டூர்க்காரர் சொன்னார். எழுத வேண்டாம், கூப்பிட்டால் தானே நேரில் வந்து மடுவைக் காட்டுவதாகப் பரிசல்காரர் பதில் சொன்னார். மசினகுடிக்கு மைசூர் வழியாக எத்தனை மணிக்குப் பஸ் என்று மட்டும் விசாரித்து வைக்கச் சொன்னார்.